முடி கொட்டுதா? எண்ணெய மாத்துறதுக்கு முன்ன இத ஒருக்கா வாசிங்க

நம்ம குமரி மாவட்டத்துல ஒருத்தருக்கு முடி கொட்டுதுன்னு வெளிய தெரிஞ்சா போதும், வைத்தியம் வீடு தேடி வந்திரும். மார்த்தாண்டத்துல இருக்க சித்தி செம்பருத்தி தாளி தேய்க்க சொல்லுவாங்க, பக்கத்து வீட்டு மாமி கையுண்ணி போட்டு காச்சின வெளிச்செண்ண ஒரு குப்பி கொடுத்து விடுவாங்க, கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்த மச்சான் "எல்லாம் தண்ணி பிரச்சனைடே, அங்க போயி குளிச்சதும் எனக்கு போச்சு"ன்னு தலைய தடவிக்கிட்டே சொல்லுவாரு, சலூன்ல வேற தனியா ஒரு வைத்தியம் ஓடும். இவ்வளவு பேரு இவ்வளவு சொல்லுதாங்க, ஆனா எப்பம் இருந்து கொட்டுது, எந்த இடத்துல கொட்டுது, அதுக்கு முன்ன உடம்புக்கு ஏதும் வந்துச்சான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்த மூணு கேள்விக்கு பதில் தெரிஞ்சா பாதி காரியம் முடிஞ்சிரும்.

ஏன்னா முடி கொட்டுறதுங்கறது ஒரே வியாதி கிடையாது. ஒரு வகை தானா நின்னு தானா முளைக்கும். ஒரு வகை மருந்து போடுற வரைக்கும் நிக்கும், விட்டா திரும்ப போகும். இன்னொரு வகைய உடனே பாக்கலன்னா அந்த இடத்துல இனி முடியே வராது. உங்களுக்கு இதுல எதுன்னு தெரியறதுக்கு முன்ன எதுக்கும் காசு செலவு பண்ணாதீங்க.

முதல்ல, உண்மையிலேயே கொட்டுதான்னு பாருங்க

ஒரு ஆளு தலையில சுமாரா ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி கணக்கு. 2-ல இருந்து 6 வருஷம் வரைக்கும் வளரும், அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல வளர்ச்சி நிக்கும், அதுக்கு பிறகு சுமார் 3 மாசம் சும்மா தலையில ஒட்டிக்கிட்டு இருக்கும், பின்ன விழுந்து அதே குழியில புதுசு முளைக்கும். அதனால யாருக்கா இருந்தாலும் தினமும் 50-ல இருந்து 100 முடி விழத்தான் செய்யும். நாலு நாளைக்கு ஒருக்கா தலைக்கு குளிக்கிற பெண்களுக்கு அந்த நாலு நாள் முடியும் சேந்து ஒரே நாள்ல பாத்ரூம் ஜாலியில வந்து நிக்கும், அதப் பாத்து பயப்பட வேண்டாம். நீளமான முடி பத்து விழுந்தாலே பந்து மாதிரி சுருண்டு நெறைய கொட்டுன மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, விழுந்த முடி நுனியில வெள்ளையா குட்டியா ஒரு மொட்டு மாதிரி இருக்கும் பாருங்க, அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு "வேரோட வந்திருச்சே"ன்னு அழுதவங்க நெறைய பேரு. அது வேர் இல்ல. ஓய்வு காலம் முடிஞ்சு விழுற எல்லா முடிக்கும் அப்படித்தான் இருக்கும், வேர்க்குழி பத்திரமா தலைக்குள்ளதான் இருக்கு.

அப்பம் எதுக்கு கவலைப்படணும்னா: பின்னல் வரவர மெலிசாகி ரப்பர்பேண்ட் ஒரு சுத்து கூட சுத்த வேண்டி இருக்கு, வகிடு அகலமாகி தலைத்தோலு தெரியுது, நெத்தி ரெண்டு பக்கமும் மேல ஏறுது, வட்டமா ஒரு இடம் மட்டும் வழுவழுன்னு ஆயிருக்கு, இல்லன்னா தலையில எரிச்சல், வலி, செதில், சீழ்னு ஏதாவது இருக்கு. இதுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த ஸ்டெப்புக்கு வாங்க. முடிய எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, எண்ண எண்ண டென்ஷன்தான் கூடும். அதுக்கு பதிலா போட்டோ எடுங்க. மாசம் ஒருக்கா, அதே ஜன்னல் பக்கம், அதே வெளிச்சம், காஞ்ச முடி, உச்சி, முன்நெத்தி, ரெண்டு பக்கம். மெமரிய நம்பாதீங்க, போட்டோவ நம்புங்க.

அடுத்தது, காலண்டர்ல மூணு மாசம் பின்னால போங்க

இங்கதான் நெறைய பேருக்கு விடை கிடைக்கும். உடம்புக்கு பெரிய அடி ஒண்ணு விழுந்தா, டெங்கு, டைஃபாய்டு, கொரோனா மாதிரி காய்ச்சலோ, பிரசவமோ, ஆபரேஷனோ, சோத்த விட்டு பட்டினி கிடந்து ஒரே மாசத்துல எடைய குறைக்கிறதோ, வளர்ற முடியில ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்துல ஓய்வுக்கு போயிரும். அன்னைக்கே விழாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொத்து கொத்தா வரும். அதுக்குள்ள காய்ச்சல் வந்தத வீட்டுல எல்லாரும் மறந்திருப்பாங்க, போன வாரம் மாத்துன ஷாம்பு மேல பழி விழும்.

ஒரு தோல் ஓபியில வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும்போது கேட்டது. ஒரு அம்மா மகள கூட்டிட்டு வந்திருக்காங்க, மகள் தலைய குனிஞ்சிட்டு இருக்கா, அம்மா ஒரு கவர்ல விழுந்த முடிய பூரா சேத்து வச்சு கொண்டு வந்திருக்காங்க. டாக்டர் கவர திறக்கவே இல்ல.

"ஓணத்துக்கு முன்ன பிள்ளைக்கு காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?"

"ஆமா டாக்டரே, டெங்குன்னு அஞ்சு நாள் பெட்ல கிடந்தா. அதுக்கும் இதுக்கும் என்ன, அது அப்பமே சரியாப்போச்சே?"

"அதுதான் இப்பம் கொட்டுது. பைய நிக்கும்மா, பயப்படாதீங்க, ரத்தம் மட்டும் ஒண்ணு பாத்துக்கிடலாம்."

இந்த வகை பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கும், பிரசவத்துக்கு பிறகு கொட்டுறதும் இதே கணக்குதான். இங்கதான் ஒரு வேடிக்கை, முடி தானா நிக்கப்போற நேரத்துல யாரு கொடுத்த எண்ணெய தேச்சுக்கிட்டு இருந்தீங்களோ அந்த எண்ணெய்க்குத்தான் பேரு போகும், அப்புறம் அந்த மாமி ஊரு பூரா குப்பி கொடுத்து விடுவாங்க. ஆறு மாசம் தாண்டியும் நிக்கலன்னா வேற காரணம் உள்ள இருக்கு: இரும்புச்சத்து குறைவு, தைராய்டு, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இல்ல பரம்பரை வகையும் கூட சேந்திருக்கு.

எந்த இடத்துல போகுதுன்னு பாருங்க

ஆம்பளைங்களுக்கு நெத்தி ஓரமும் உச்சியும், பைய பைய, வருஷக்கணக்குல போனா அது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்ல இருந்து வர்ற டிஹெச்டிங்கற சாமானுக்கு அந்த இடத்து முடிக்குழி தாங்காது, முடி ஒவ்வொரு சுத்துக்கும் மெலிசாகி குட்டையாகி கடைசியில பூனை முடி மாதிரி ஆயிரும். பிடரியில இருக்க முடிக்கு அந்த பாதிப்பு வராது, அதான் எவ்வளவு வழுக்கைனாலும் பின்னால ஒரு வளையம் மிஞ்சும். அம்மா வழி மட்டும்தான் வரும்னு சொல்லுறது சரியில்ல, ரெண்டு பக்கமும் வரும். பெண்களுக்கும் இது உண்டு, ஆனா நெத்தி ஏறாது, வகிடு அகலமாகி உச்சி மெலிசாகும். கூடவே மாசம் மாசம் தீட்டு ஒழுங்கா வரல, முகத்துல தாடைப்பக்கம் முடி, பரு இருந்தா சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்லுற பிசிஓஎஸ் இருக்கான்னு பாக்கணும், அத டாக்டர் கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க.

நாணயம் சைஸ்ல வட்டமா, வழுவழுன்னு, வலி அரிப்பு ஒண்ணும் இல்லாம போனா அதுதான் நாம புழுவெட்டுன்னு சொல்லுறது. புழுவும் இல்ல, வெட்டும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிக்குழிய தாக்குறதுதான் விஷயம். தாடியிலயும் புருவத்துலயும் கூட வரும். நம்ம ஊர்ல உள்ளியையும் வெள்ளப்பூடையும் வச்சு ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ப்பாங்க, பாவம் பிள்ளைங்க, தோலு வெந்து புண்ணாகி தழும்பு விழுந்தா அந்த தழும்புலதான் நிஜமாவே முடி வராது. சின்ன வட்டம் ஒண்ணு ரெண்டு இருந்தா பல பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள தானாவே முளைச்சிரும். சீக்கிரம் வரணும்னா தோல் டாக்டர் அந்த இடத்துலயே குட்டி ஊசியில ஸ்டீராய்டு போடுவாங்க, பொதுவா நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒருக்கா. தலை முழுக்க போற அளவுக்கு தீவிரமா இருந்தா பாரிசிட்டினிப்னு மாத்திரை இருக்கு, அமெரிக்காவுல 2022-ல இதுக்கு அனுமதி கிடைச்சது, எதிர்ப்பு சக்திய அமுக்குற மருந்துங்கறதால டிபி டெஸ்ட் உட்பட எல்லாம் பாத்துட்டுத்தான் கொடுப்பாங்க, மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்குற சாமான் இல்ல.

சின்ன பிள்ளைங்களுக்கு சொட்டை விழுந்து அதுல செதிலும் அரிப்பும், முடி பாதியில ஒடிஞ்சு கரும்புள்ளியா நின்னா அது படை, பூஞ்சை. இது ஒட்டும். சீப்பு, துவர்த்து, தொப்பி தனியா வைங்க. மேல தடவுற கிரீம் மட்டும் பத்தாது, வாரக்கணக்குல மாத்திரை சாப்பிடணும், அத டாக்டர்தான் எடை பாத்து எழுதுவாரு.

நாலு பக்கமும் இழுத்து இறுக்கி ரெட்ட ஜடை போடுற பிள்ளைங்களுக்கு நெத்தி ஓரத்துலயும் காதுக்கு மேலயும் முடி மெலிஞ்சா அது ஜடையோட வேலை. ஜடைய தளத்துங்க, அவ்வளவுதான். வருஷக்கணக்குல விட்டா திரும்பாது.

இப்பம் அவசரம் உள்ளது. சொட்டை விழுந்த இடத்துல தோலு பளபளன்னு, முடிக்குழி புள்ளியே தெரியாம, ஓரத்துல சிவந்து, எரிச்சலோ வலியோ இருந்தா தள்ளிப் போடாதீங்க. தழும்பு வழுக்கைனு ஒரு கூட்டம் இருக்கு, அதுல முடிக்குழியே செத்துப்போயிரும். போனது போனதுதான், இருக்கறத காப்பாத்தத்தான் மருந்து. இதுக்கு அந்த வாரமே போகணும்.

எங்க போகணும், எப்படி போகணும்

பாக்க வேண்டியது தோல் டாக்டர். போர்டுல எம்டி டிவிஎல் இல்ல டிடிவிஎல்னு படிப்பு போட்டிருக்கான்னு பாருங்க. "ஹேர் எக்ஸ்பர்ட்", "ட்ரைக்காலஜிஸ்ட்"னு மட்டும் இருந்தா அவரு எம்பிபிஎஸ் படிச்சவராங்கறத தைரியமா கேளுங்க. ஃப்ரீ ஹேர் டெஸ்ட்னு கூப்பிட்டு, ஸ்கிரீன்ல தலைத்தோல பெருசா காட்டி பயமுறுத்தி, அன்னைக்கே பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கேக்குற இடத்துல இருந்து எந்திரிச்சு வந்திருங்க.

காசு இல்லன்னு யாரும் விட வேண்டாம். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துல உள்ள நம்ம அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் பிரிவு இருக்கு, வடசேரியில இருந்து பஸ் ஏறி இறங்கி ஓபி சீட்டு போட்டுட்டு உக்காந்தா போதும். ஓபி காலையிலதான், அதனால சீக்கிரமே கிளம்புங்க, பதினோரு மணிக்கு ஆடி அசஞ்சு போனா கூட்டத்த பாத்தே திரும்பிருவீங்க. தக்கலை, குழித்துறை பக்கம் உள்ளவங்க அந்தந்த அரசு ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் எந்த நாள் வருதாங்கன்னு முன்னாடியே விசாரிச்சுக்கிடுங்க. ஆயுர்வேதம்தான் பாக்கணும்னு நினைக்கிறவங்க கோட்டார் அரசு ஆயுர்வேத காலேஜுக்கு போங்க, அங்க படிச்ச டாக்டர்தான் பாப்பாங்க, பஸ் ஸ்டாண்டு சுவத்துல நம்பர் ஒட்டுன ஆளுக்கு போன் போடுறத விட ஆயிரம் மடங்கு மேல்.

போறப்ப எண்ணெய் வழிய வழிய போகாதீங்க, தலைய பாக்கவே முடியாது. டையும் அந்த வாரம் வேண்டாம். சாப்பிடுற எல்லா மாத்திரையும், அட்டையோட ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கிடுங்க, நாட்டு மருந்து, ஜிம் பவுடர் உட்பட. டாக்டர் ஒரு கொத்து முடிய ரெண்டு விரலால பிடிச்சு இழுத்து எத்தனை வருதுன்னு பாப்பாரு, டெர்மாஸ்கோப்னு கையடக்க லென்ஸ் வச்சு முடியோட தடிமன் பாப்பாரு. இந்த அஞ்சு நிமிஷம்தான் முக்கியம், தலையவே தொடாம மருந்து எழுதுனா எனக்கு திருப்தி இருக்காது.

ரத்தத்துல பாக்க வேண்டியது ஹீமோகுளோபின், உடம்புல சேந்திருக்க இரும்ப காட்டுற ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், தேவைப்பட்டா வைட்டமின் டி, பி12. இதுல ஒரு சமாச்சாரம் நெறைய பேருக்கு தெரியாது: முடிக்குன்னு விக்குற பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுட்டு போனா தைராய்டு ரிசல்ட் தப்பா வரலாம், மாரடைப்புக்கு பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட் கூட மாறலாம், 2017-லயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை கொடுத்துச்சு. டெஸ்டுக்கு எத்தனை நாள் முன்ன நிறுத்தணும்னு கேட்டுக்கிடுங்க. பயோட்டின் குறைபாடே அபூர்வம், குறைபாடு இல்லாதவங்களுக்கு அதனால பெருசா பலன் இருக்குன்னு ஆதாரமும் இல்ல.

ஃபெரிட்டின் கம்மின்னா இரும்பு மாத்திரை கொடுப்பாங்க. அத சாயாவோட சேத்து முழுங்காதீங்க, சாப்பாடு முடிஞ்ச கையோட சாயா குடிக்கிற நம்ம பழக்கமும் இரும்ப உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்க. எலுமிச்சம் தண்ணியோட எடுத்தா நல்லா சேரும். மரச்சீனி மட்டும் அவிச்சு தின்னா வயிறு நிறையும், புரோட்டீன் கிடைக்காது, கூட சாளையோ பயறோ முட்டையோ இருக்கணும்.

மருந்து ஆரம்பிச்சா

பரம்பரை வகைக்கு ரெண்டு மருந்துதான் நல்லா நிரூபிச்சது. மினாக்சிடில், முதல்ல பிரஷர் மாத்திரையா வந்தது, சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி வளந்ததப் பாத்து தலைக்கு லோஷனாக்குனாங்க, 1988-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. இன்னொண்ணு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, இதுக்கு 1997-ல அனுமதி.

மினாக்சிடில முடியில இல்ல, காஞ்ச தலைத்தோல்ல போடணும், கைய கழுவணும், படுக்க போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னயாவது போட்டு காய விடணும், இல்லன்னா தலையணையில ஒட்டி முகத்துல முடி வளரும். முதல் ரெண்டு மாசத்துக்குள்ள முடி கூடுதலா கொட்டலாம், பழசு விழுந்து புதுசு வர்ற நேரம் அது, இந்த இடத்துலதான் பாதி பேரு பயந்து விட்டுருதாங்க. விடாதீங்க. நாலு மாசத்துக்கு முன்ன ஒண்ணும் தெரியாது, ஒரு வருஷம் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். நிறுத்துனா சில மாசத்துல பழைய நிலைக்கு போயிரும், இத முதல்லயே மனசுல வச்சுட்டு ஆரம்பிங்க. படபடப்பு, தலைசுத்தல், கால் வீக்கம் வந்தா நிறுத்திட்டு டாக்டர பாருங்க. கர்ப்பமா இருக்கவங்க, பால் கொடுக்கறவங்க போட வேண்டாம். வீட்டுல பூனை வளக்குறவங்க கவனிங்க, பூனைக்கு இது கொடிய விஷம், நக்குனாலே உயிருக்கு ஆபத்து, அது கூடவே ஒரே தலையணையில படுக்குற பழக்கம் இருந்தா டாக்டர் கிட்ட சொல்லுங்க.

ஃபினாஸ்டரைடு ஆம்பளைங்களுக்கு. சில பேருக்கு தாம்பத்திய ஆசை குறையுறது, மனச்சோர்வு வரும், அத மறைக்காம டாக்டர் கிட்ட சொல்லணும். கர்ப்பமா இருக்க பெண்கள் ஒடஞ்ச மாத்திரைய கையால தொடவே கூடாது, வயித்துல ஆண் குழந்தை இருந்தா பாதிக்கும். அம்பது வயசு தாண்டுனவங்க பிராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ டெஸ்ட் எடுத்தா இந்த மாத்திரை சாப்பிடுறத சொல்லணும், ரிசல்ட்ட இது பாதியா குறைச்சு காட்டும்.

எண்ணெய பத்தி. வெளிச்செண்ண முடித்தண்டுக்கு நல்லது, உடையாம பாக்கும், புதுசா முளைக்க வைக்காது. பொடுகு இருக்க தலையில எண்ணெய ஊற வச்சா பொடுகுக்கு காரணமான பூஞ்சைக்கு விருந்துதான். கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதுனா தேச்ச உடனே கழுவாம அஞ்சு நிமிஷம் விட்டு கழுவுங்க, வாரம் ரெண்டு தடவை. ஹெல்மெட்டால வழுக்கை விழாது, போடுங்க. போர் தண்ணி, கடற்கரை பக்கத்து உப்புத்தண்ணி முடிய வறட்டி உடைக்கும், வேர கொல்லாது, கடைசியா ஒரு கப்பு நல்ல தண்ணிய ஊத்தி அலசுனா போதும். மொட்டை அடிச்சா அடர்த்தியா வரும்ங்கறதும் இல்ல, வெட்டுன முடி நுனி தடிமனா இருக்கறதால அப்படி தோணுது, நேர்ச்சை இருந்தா அடிங்க, முடி வளரணும்னு அடிக்காதீங்க.

முடி நடுறது

கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க ஆரம்பிச்சதும் இந்த யோசனை வரும். ஆஃபர் போட்டு கூப்பிடுவாங்க. இது ஆபரேஷன். 2016-ல சென்னையில ஒரு மருத்துவ மாணவர் முடி நட்டுட்டு அதுக்கப்புறம் இறந்துபோனது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் இத பயிற்சி எடுத்த டாக்டர்தான் செய்யணும், யூடியூப்லயும் ஒர்க்‌ஷாப்லயும் பாத்து கத்துக்கிட்டது பத்தாதுன்னு வழிகாட்டுதல் போட்டுச்சு. அதனால நாகர்கோவில்ல செஞ்சாலும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போயி செஞ்சாலும் இத கேளுங்க: குழி போடுறது டாக்டரா இல்ல டெக்னீஷியனா, மரத்துப்போக போடுற ஊசியால ஏதாவது ஆச்சுன்னா பாக்க அங்க என்ன வசதி இருக்கு, பிடரியில எடுக்க எவ்வளவு முடி இருக்கு. அந்த பிடரி முடி ஒரு அளவுதான், எடுத்தா அங்க திரும்ப முளைக்காது. இருபத்திரெண்டு வயசுல முன்நெத்தியில எல்லாத்தையும் நட்டுட்டா, முப்பத்தஞ்சுல உச்சி காலியாகும்போது எடுக்க ஒண்ணும் இருக்காது, முன்னால மட்டும் ஒரு வேலி நிக்கும். வழுக்கை எங்க போயி நிக்கும்னு தெரிஞ்ச பிறகு செய்யறதுதான் நல்லது. நட்ட முடி முதல் மாசத்துலயே பெரும்பாலும் உதிர்ந்து, மூணு நாலு மாசத்துல முளைக்க ஆரம்பிச்சு, முழுசா தெரிய ஒரு வருஷம் ஆகும். நட்ட பிறகும் பழைய முடிய காப்பாத்த அந்த லோஷனும் மாத்திரையும் தொடரணும், பேக்கேஜ் ரேட்டு சொல்லும்போது அந்த செலவையும் சேத்து எழுதி வாங்குங்க.